டென்ட் ஒழுகவில்லை, குளிர் தரையிலிருந்து வந்தது

கேள்வி: திருச்சியிலிருந்து எழுதுகிறேன். போன டிசம்பர் கடைசியில் நானும் கணவரும் 11, 7 வயதுப் பையன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் மன்னவனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஓடைக்கரையில் டென்ட் போட்டுத் தங்கினோம். ஆன்லைனில் வாங்கிய '4 பேர்' டென்ட், காற்றடிக்கும் மெத்தை, '0 டிகிரி' என்று போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக் நான்கு. மழை ஒரு துளி இல்லை. ஆனாலும் நடுராத்திரியில் டென்ட்டுக்குள் தண்ணீர் சொட்டியது. முதுகு விறைத்துவிட்டது. சின்னவன் அழுதுகொண்டே இருந்தான். மூன்று மணிக்கு எல்லோரும் காருக்குள் போய் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்து விடிய வைத்தோம். அப்படித் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் சின்னவன் மேலே பார்த்துவிட்டு அழுகையை நிறுத்தி, "அம்மா, இவ்வளவு நட்சத்திரம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டான். அதற்காகவே இன்னொரு தடவை போக ஆசை. பொங்கல் லீவில் போகலாம் என்றிருக்கிறோம். 20,000 ரூபாய் வரை செலவழித்து நல்ல டென்ட்டும் மைனஸ் டிகிரி ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். என் அத்தைக்கு 64 வயது, முழங்கால் வலி. அவரும் வருகிறேன் என்கிறார். என்ன வாங்குவது? அத்தையைக் கூட்டிப்போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் டென்ட் ஒழுகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், 20,000 ரூபாய் விஷயம் அதில்தான் இருக்கிறது.

இட்லிச் சட்டியைத் திறக்கும்போது மூடியின் உட்புறத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முத்துமுத்தாக நிற்கிற தண்ணீர் வெளியே இருந்து வந்ததா? உள்ளே எழுந்த ஆவி, ஆறிய மூடியில் பட்டு நீராகிவிட்டது. உங்கள் டென்ட்டில் நடந்ததும் அதேதான். தூங்குகிற ஒருவர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஒரு ராத்திரியில் கால் லிட்டர் அளவுக்கு ஈரத்தை வெளியே விடுகிறார். நான்கு பேருக்கு ஒரு லிட்டர். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும், ஜன்னல் வலையையும் இழுத்து மூடியிருப்பீர்கள். அந்த ஒரு லிட்டர் ஈரம் போக வழியில்லாமல், பனியில் சில்லிட்டுக் கிடந்த துணியில் ஒட்டி, கனம் தாங்காமல் உங்கள் முகத்தில் சொட்டியது. பக்கத்தில் ஓடை வேறு. ஓடைக்கரைக் காற்றில் ஈரம் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும்.

பழனி மலையில் இருபது வருடமாக முகாம் நடத்துகிறேன். "டென்ட் ஒழுகுது" என்று காலையில் என்னிடம் வந்து சொல்லும் குடும்பங்களில் பெரும்பாலானவர்களின் டென்ட் உண்மையில் ஒழுகியதே இல்லை. மேலே இருக்கிற காற்றுத் துவாரங்களைத் திறந்து வைத்து, வாசல் ஜிப்பின் மேல்பக்கம் ஒரு சாண் விட்டு மூடுங்கள். குளிர் உள்ளே வந்துவிடாதா என்று தோன்றும். டென்ட் துணி குளிரைத் தடுப்பதே இல்லை, காற்றையும் மழையையும்தான் தடுக்கிறது. எல்லாவற்றையும் மூடி வைத்தாலும் உள்ளே வெளியைவிட ஓரிரண்டு டிகிரிதான் கூடுதலாக இருக்கும். அதற்காக நனைந்துபோவது நஷ்டம். நனைந்த உடம்பு காய்ந்த உடம்பைவிட எத்தனையோ மடங்கு வேகமாகச் சூட்டை இழக்கும்.

சரி, டென்ட் வேலையைச் செய்தது என்றால் முதுகு ஏன் விறைத்தது?

கோடையில் நம் ஊரில் கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டுப் படுக்கிறோம். கீழே காற்று ஓடுவதால் முதுகு குளிர்ச்சியாக இருக்கும். காற்றடித்த மெத்தை என்பதும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். அதற்குள் பஞ்சோ ஃபோமோ எதுவும் இல்லை, வெறும் காற்று. உங்கள் முதுகின் சூட்டை வாங்கிய காற்று உள்ளேயே சுழன்று போய், சில்லிட்ட தரையில் அந்தச் சூட்டை இறக்கிவிட்டு, மறுபடி குளிர்ந்து மேலே வரும். ராத்திரி முழுவதும் இது நிற்காது. திருச்சி வீட்டில் விருந்தாளிக்கு விரித்துக்கொடுக்க அது நல்ல மெத்தை. மலையில் ஜனவரியில் அதன் மேல் படுக்கக் கூடாது.

ஸ்லீப்பிங் பேக் இதற்கு உதவவில்லையா என்று கேட்பீர்கள். பையின் உள்ளே இருக்கிற பஞ்சு உப்பியிருந்தால்தான் சூட்டைப் பிடித்துவைக்கும். நீங்கள் மேலே படுத்ததும் அடிப்பக்கத்துப் பஞ்சு அப்பளமாக நசுங்கிவிடுகிறது. ஆகவே மைனஸ் பத்து டிகிரிப் பையை வாங்கினாலும் முதுகுக்குக் கீழே இருப்பது நசுங்கிய துணி இரண்டு அடுக்குதான். அடியில் தனியாக ஒன்று விரித்தே ஆகவேண்டும். உங்கள் பணத்தில் முதல் ரூபாய் அங்கே போகட்டும்.

மலையேறுகிறவர்கள் அடியில் விரிக்க வாங்கும் 'மேட்' என்ற விரிப்பில் 'ஆர் வேல்யூ' என்று ஒரு எண் இருக்கும். சூடு தரைக்கு இறங்காமல் அந்த மேட் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. கூடக்கூட நல்லது. வெறும் காற்று மெத்தைக்கு அது ஒன்றைக்கூட எட்டாது. நல்ல ஃபோம் மேட் ஒன்றுக்கு இரண்டு அளவில் இருக்கும். உறைபனி விழுகிற இடத்தில் குறைந்தது மூன்று, நான்கு வேண்டும். இதில் நமக்கு வசதியான சங்கதி ஒன்று உண்டு: ஒன்றன்மேல் ஒன்று விரித்தால் எண்கள் அப்படியே கூடும். இரண்டு ஃபோம் மேட் போட்டால் நான்கு.

நீங்கள் காரில் போகிறீர்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடைகளில் விலை ஏற ஏற என்ன மாறுகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் எடை குறைகிறது. முதுகில் சுமந்து நாள் கணக்கில் நடக்கிறவருக்கு 400 கிராம் குறைவது பெரிய விஷயம், அதற்குப் பல ஆயிரம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் சாமானை டிக்கி சுமக்கப் போகிறது. கனமான, பருமனான, மலிவான பொருள்கள் உங்களுக்கு அருமையாகப் பொருந்தும். சின்னப் பிள்ளைகள் விளையாட வீட்டில் விரிப்பார்களே, ஓரத்தில் பல் பல்லாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் பலகைகள், அவற்றை டென்ட் தரை முழுக்க அடுக்கிவிடுங்கள். 12 மில்லிமீட்டர் கனம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதன் மேல் ஆளுக்கொரு ஃபோம் மேட். அதற்கு மேல் பவானி ஜமுக்காளம் வீட்டில் இருந்தால் இரண்டாக மடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பழைய கம்பளி. யோகா மேட் மட்டும் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். 6 மில்லிமீட்டர் யோகா மேட் தனியாகப் போதாது, இந்த அடுக்கில் ஒன்றாக வேண்டுமானால் இருக்கலாம்.

அடுத்து அந்த '0 டிகிரி'. ஸ்லீப்பிங் பேக்கைச் சோதித்து எண் கொடுக்க ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு தரம் இருக்கிறது. அதன்படி சோதித்த பையில் மூன்று எண்கள் போட்டிருப்பார்கள். 'கம்ஃபர்ட்' என்பது ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். 'லிமிட்' என்பது ஒரு ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒருவாறு சமாளிக்கும் எல்லை. 'எக்ஸ்ட்ரீம்' என்றால் தூக்கம் பற்றிய பேச்சே இல்லை, உடம்பு சில்லிட்டுப்போகும் அபாயத்தோடு உயிர் பிழைத்திருக்கக்கூடிய கடைசிக் கட்டம். விலை குறைந்த பைகளில் ஒரே ஒரு எண்ணைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள், அது இந்த மூன்றில் எது என்று எங்கும் இருக்காது. உங்களுடையது அப்படிப்பட்டதாகத்தான் இருக்கவேண்டும். வாங்கும்போது கம்ஃபர்ட் எண் எங்கே என்று தேடுங்கள். அது இல்லாத பையை மலைக்கு நம்பி எடுத்துப்போகாதீர்கள்.

ஜனவரியில் கொடைக்கானல் ஊருக்குள்ளேயே இரவில் 8, 9 டிகிரி சாதாரணம். மன்னவனூர் மாதிரிப் புல்வெளிப் பள்ளங்களில் வானம் தெளிந்த இரவுகளில் புல்லின் மேல் உறைபனி பிடிக்கும். ஆனால் அதற்காக மைனஸ் டிகிரிப் பை நான்கு வாங்கவேண்டாம். இருக்கிற பைகளை ஜிப் திறந்து போர்வையாக விரித்து, அதன் மேல் வீட்டு ரஜாய் ஒன்றையோ கம்பளி இரண்டையோ போடுங்கள். அடிப்பக்கம் சரியாக இருந்தால் இதுவே போதும். பையன்கள் இருவரையும் ஒரே ரஜாய்க்குள் படுக்க வையுங்கள். பெரியவர்கள் பைக்குள் குழந்தையைத் தனியாக விட்டால் கால்மாட்டில் பாதிப் பை காலியாகக் கிடக்கும், அந்த இடத்தையும் சேர்த்து அந்தச் சின்ன உடம்பு சூடாக்க வேண்டியிருக்கும். போன தடவை சின்னவன் அத்தனை நேரம் அழுததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். பையில்தான் படுப்பான் என்றால் காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் பகுதியைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

மூக்கையும் வாயையும் போர்வைக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே மூச்சு விட்டால் முதலில் கதகதப்பாக இருக்கும், விடியும்போது பஞ்சு முழுக்க ஈரமாகிவிடும்.

பகலெல்லாம் போட்டுத் திரிந்த துணியோடு படுக்காதீர்கள். அது பருத்தி பனியனாக இருந்தால் வேர்வையை உறிஞ்சி வைத்திருக்கும். கைக்கு ஈரம் தெரியாது, நள்ளிரவில் உடம்புக்குத் தெரியும். தூங்குவதற்கென்று ஆளுக்கொரு காய்ந்த முழுக்கைச் சட்டை, பேன்ட், தொளதொளப்பான கம்பளி சாக்ஸ், மங்கி குல்லா என்று ஒரு செட்டைத் தனிப் பையில் கட்டி, படுக்கும்வரை அதைத் தொடாமல் வைத்திருங்கள். குளிருகிறதே என்று மூன்று சாக்ஸை ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கி மாட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். சுடுதண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, மூடியை நன்றாகத் திருகி, ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வைத்தால் பாதி ராத்திரி வரைக்கும் சூடு நிற்கும். படுக்கும் முன் கடலை மிட்டாயோ வேர்க்கடலையோ கொஞ்சம் சாப்பிடட்டும், செரிக்கிற வேலையில் உடம்பு சூடாகும். அப்புறம் எல்லோரும் ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். எழுந்திருக்கச் சோம்பல்பட்டு அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம்தான் கெடும்.

இனி நான் சொல்லப்போவதை உங்கள் கணவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

டென்ட்டுக்குள் கரி அடுப்பு, கணப்புச் சட்டி, பார்பிக்யூ மிச்சத் தணல், கேஸ் ஸ்டவ், கேஸ் ஹீட்டர் எதையும் கொண்டுபோகக் கூடாது. பத்து நிமிஷத்துக்குக்கூட வேண்டாம், வாசலைத் திறந்து வைத்துக்கொண்டும் வேண்டாம். எரிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. புகை அடங்கிச் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் தணல்தான் பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும், அதிலிருந்துதான் இந்த வாயு தாராளமாக வரும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், தூக்கம் வருவது போல இருக்கும். தூங்கிவிட்டால் எழுந்திருக்க முடியாது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி முகாமைச் சுற்றிவரும்போது ஒரு டென்ட்டுக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. உள்ளே கணவன், மனைவி, கைக்குழந்தை. மண்சட்டியில் கரித்தணல். கூப்பிட்டேன், பதில் இல்லை. ஜிப்பைக் கிழித்துத்தான் வெளியே இழுத்துப்போட்டோம். மூவரும் பிழைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து நான் அந்தப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது. மலை ஊர்களில் இப்படி மூடிய அறைகளில் உயிர்கள் போனதைச் செய்தித்தாளிலும் படித்திருப்பீர்கள். அன்று முதல், விளக்கணைத்த பிறகு ஒவ்வொரு டென்ட்டின் முன்னாலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்கிக்கொண்டுதான் நான் படுக்கப் போகிறேன்.

நீங்கள் காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் இதே ஆபத்தின் பக்கத்தில்தான். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கக் கூடாது. சைலன்சர் புல்லிலோ மண்ணிலோ அடைபட்டாலும், அதில் ஓட்டை இருந்தாலும் புகை உள்ளே வரும். காருக்குள் போகவேண்டி வந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, கம்பளியோடு உட்காருங்கள்.

இடம். இதில் செலவே இல்லை, ஆனால் பாதிக் குளிரை இதிலேயே கழித்துவிடலாம். குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் அது தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரை என்பது சுற்றுவட்டாரத்துக் குளிரெல்லாம் வந்து சேருகிற குட்டை. அழகான இடம்தான், சாயங்காலம் அங்கே போய் உட்காருங்கள். படுக்கை சரிவில் கொஞ்சம் மேலே, காற்று நேராக அடிக்காத இடத்தில் இருக்கட்டும். தோட்டக்காரரிடம், "எந்தப் பாத்தியில் பனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கருகும்?" என்று கேளுங்கள். அவர் கையைக் காட்டுகிற இடத்தில் டென்ட் போடாதீர்கள். தலைக்கு மேல் மரக்கிளை இருந்தால் பனி நேராக இறங்காது, அதனால் வெட்டவெளியைவிட மர ஓரம் நல்லது. ஆனால் யூகலிப்டஸ் மரத்துக்கு அடியில் கூடாது, காற்றே இல்லாத நேரத்திலும் கிளை முறிந்து விழும். எந்த மரமானாலும் காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகே மூட்டையை அவிழுங்கள். வாசல் கிழக்குப் பார்த்திருந்தால் காலை வெயில் முதலில் உங்கள் டென்ட்டைத்தான் தொடும்.

அந்தத் தோட்டக்காரருக்கு டென்ட் போட அனுமதி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டை ஒட்டிய, வேலி விளக்கு எதுவும் இல்லாத இடங்களை அழகாகப் படம் பிடித்துக் காட்டி முன்பதிவு வாங்கிவிடுகிறார்கள். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே இப்படி ஒரு தங்குமிடத்தில் டென்ட்டில் இருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடும். கட்டடமும் ஆள் நடமாட்டமும் உள்ள தோட்டமாக இருக்கட்டும். வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் தங்கவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்தத் தொழிலில் இருக்கிற எங்களால் மறக்க முடியாது. அதனால் தணலை விட்டுவிட்டுப் படுக்கிற பழக்கத்தையும் மன்னிக்க மாட்டேன். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகில் வைத்துச் சூடில்லை என்று பார்த்த பிறகுதான் படுக்கவேண்டும். வாழைப்பழம், தின்பண்டம் எதுவும் டென்ட்டில் இருக்கவேண்டாம், காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வரும். எல்லாம் காரில் பூட்டியிருக்கட்டும்.

இப்போது உங்கள் கணவர் ஆசைப்படும் டென்ட்டுக்கு வருகிறேன். பழைய டென்ட் ஒற்றைத் துணி என்றால் இப்படிச் செய்து பாருங்கள்: அதற்கு மேலே இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, டென்ட்டைத் தொடாமல் ஒரு முழம் இடைவெளி விட்டு ஒரு தார்ப்பாயைக் கூரை போல இழுத்துக் கட்டுங்கள். பனி தார்ப்பாயில் இறங்கும், டென்ட் துணி அவ்வளவாகச் சில்லிடாது, சொட்டுவதும் குறையும். நான்கு பேருக்கு இந்தப் பொங்கலை இதிலேயே ஓட்டிவிடலாம்.

ஆனால் அத்தையும் வருகிறார் என்பதால் பெரிய டென்ட் ஒன்று வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. '4 பேர்' என்று போட்டிருந்தால் நான்கு பேர் மத்தி மீன் போல ஒட்டி அடுக்கிப் படுக்கலாம் என்று பொருள், பைகளுக்கு இடம் கணக்கில் இல்லை. உங்கள் ஐந்து பேருக்கு '6 பேர்' டென்ட் பாருங்கள். குனியாமல் நிற்கிற உயரம் வேண்டும், முழங்கால் வலி உள்ளவரைத் தவழ்ந்து உள்ளே போகச் சொல்லக் கூடாது. உள்துணி, வெளித்துணி என்று இரண்டு அடுக்கு இருக்கிறதா, நடுவே காற்று ஓட இடம் இருக்கிறதா என்று கடையிலேயே விரித்துக் காட்டச் சொல்லுங்கள். தையல்களின் உட்புறம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர் தாங்கும் அளவை மில்லிமீட்டரில் சொல்வார்கள். மேலே 1500, தரைக்கு 3000 இருந்தால் நம் மலைகளுக்குப் போதும், அதற்கு மேல் கூடுதல் பணம் கொடுக்கவேண்டாம். கம்பி அலுமினியமாக இருந்தால் நல்லது. ஃபைபர் கம்பி பலத்த காற்றில் நீளவாக்கில் பிளந்துபோகும். டெகாத்லான் மாதிரிக் கடையில் நேரில் பார்த்து, உள்ளே போய்ப் படுத்துப் பார்த்து வாங்குங்கள். அத்தையையும் கூட்டிப்போங்கள். டென்ட்டுக்கு அடியில் விரிக்கும் ஷீட் டென்ட் தரையைவிட ஓரிரு அங்குலம் சின்னதாக இருக்கவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து அடியில் கொண்டுபோய் விடும்.

அத்தையைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். வருகிறேன் என்று அவரே சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! தரையில் உட்கார்ந்து எழுவதுதான் அவருக்குச் சிரமம், ஆகவே ஒரு மடக்குக் கட்டிலும், கை வைத்த மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்குக் கீழேயும் காற்று ஓடும் என்பதை நினைவில் வைத்து, அதன் மேல் ஃபோம் மேட் இரண்டு, கம்பளி ஒன்று விரியுங்கள். காலை நுழைத்து ஜிப் போடும் குறுகலான பை அவருக்கு வேண்டாம், நடுராத்திரியில் எழும்போது காலை இழுத்து வெளியே எடுக்க முடியாமல் தவிப்பார். ரஜாய் போதும். கழிப்பறை இருபது, முப்பது அடிக்குள் இருக்கிற இடமாகப் பதிவு செய்யுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்கும்படி தலையில் மாட்டும் டார்ச் ஒன்று அவருக்கென்றே வாங்குங்கள், யாராவது கூடவே போங்கள். கொடைக்கானல் உயரம் 2,100 மீட்டர் அளவுதான், அந்த உயரம் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. ஆனால் குளிரில் ரத்த அழுத்தம் கூடும். பிபி, இதயம் சம்பந்தமாக மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தத் தோட்டத்திலேயே ஓர் அறையும் கேட்டு வையுங்கள். முடியவில்லை என்றால் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே நிம்மதியாக டென்ட்டில் தூங்குவார்.

சமையலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இரண்டு வார்த்தை. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு சீக்கிரம் வேகாது. குக்கர் எடுத்துப்போங்கள். கையடக்க கேஸ் டின்னில் இருக்கும் பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகில் ஆவியாகவே மறுக்கும், காலையில் காபி போட முடியாமல் நிற்பீர்கள். 5 கிலோ சிலிண்டர் நம்பகமானது. காரில் போவதால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்கவேண்டும், 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. சின்னத் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை, வீட்டுப் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு போங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் எல்லாவற்றையும் உங்கள் மொட்டை மாடியில் போட்டு ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். திருச்சியில் குளிர் இருக்காது, ஆனால் டென்ட்டைக் கட்டக் கை பழகும், அத்தைக்குக் கட்டில் உயரம் சரியா என்று தெரியும், எந்த டார்ச்சில் பேட்டரி இல்லை என்று தெரியும். காலையில் டென்ட் மேல் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். ஒழுகுகிறதா இல்லையா என்ற சந்தேகமும் தீர்ந்துபோகும். அப்புறம் அதை முழுக்கக் காயவைத்து மடியுங்கள், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துவிடும்.

சின்னவனை நட்சத்திரம் பார்க்க மூன்று மணிக்கு எழுப்பவேண்டாம். பொங்கல் சமயத்தில் இரவு எட்டரைக்கே கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய உச்சியில் நிற்கும், ஒரு கைப்பிடிக் கடுகு சிந்தினது மாதிரி. அதற்குக் கிழக்கே சற்றுத் தள்ளிச் செம்மஞ்சளாக ரோகிணி, இன்னும் கிழக்கே சிவந்து திருவாதிரை. டென்ட்டுக்கு வெளியே ஃபோம் பலகையை விரித்து, ரஜாயையும் வெளியே கொண்டுவந்து, குல்லாவை மாட்டிப் படுக்க வையுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகும், அதுவரை யாரும் செல்போனைத் திறக்கவேண்டாம். அத்தைக்கு நாற்காலியைப் பக்கத்தில் போடுங்கள். கார்த்திகைப் பெண்கள் கதையை அவர் சொல்லட்டும்.